கஞ்சித் தொட்டி வரை நடந்தோம், 400 ரூபாய்

சென்னையில் அறப்பணிகள் எப்படித் தொடங்கின என்று சொல்லும் நடை ஒன்றுக்குப் போன ஞாயிறு போனேன். ஒரு சிறு குழு நடத்துகிறது, பெயர் வேண்டாம். ஆறரைக்கு என்றார்கள், கிளம்ப ஏழேகால் ஆனது. மற்றபடி நல்ல அனுபவம்தான், ஆனால் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொடக்கம் என்.எஸ்.சி. போஸ் சாலையில், பச்சையப்பன் மண்டபத்தின் முன்னால். வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமான துபாஷியாக இருந்து சம்பாதித்த பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார், சொத்து பல வருஷம் வழக்கில் கிடந்தது, கோயில் தர்மங்களுக்குப் போக மிஞ்சிய பணத்தில் 1842இல் பள்ளிக்கூடம் வந்தது. இது போதாதா? வழிகாட்டித் தம்பிக்குத் தூண்கள்மேல்தான் ஆசை. கிரேக்கக் கோயில் மாதிரி கட்டினார்கள் என்பதை நாற்பது நிமிஷம் சொன்னார்.

அப்புறம் பழைய வண்ணாரப்பேட்டை. காசு கொடுத்ததற்கு உண்மையில் இந்த இடம்தான் பதில், இங்கேதான் பத்தே நிமிஷம்! 1780 வாக்கில் ஹைதர் அலி படையெடுப்பில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் பாழாக, பஞ்சமும் சேர்ந்துகொள்ள, கோட்டையும் கப்பலும் இருக்கிற ஊரில் ஒரு வாய் கஞ்சியாவது கிடைக்கும் என்று ஜனங்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் உருவானதுதான் மணியக்காரர் சத்திரம், வெள்ளைக்காரர் நாக்கில் அது 'மோனிகார் சௌல்ட்ரி'. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் தொடங்கிய ஆஸ்பத்திரி இதோடு சேர்ந்து வளர்ந்து, பின்னால் ஆளுநர் ஸ்டான்லி பெயரைப் பெற்றது. ஆனாலும் வடசென்னைப் பெரியவர்களுக்கு அது இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான். அங்கே டீக்கடையில் ஒருவர், "ஸ்டான்லின்னு சொன்னா எங்க ஆயாவுக்குப் புரியாது சார்" என்றார். தம்பி அவரை ரெண்டு நிமிஷம் பேசவிட்டிருக்கலாம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சத்திரம் இப்போது முதியோர் இல்லம். உள்ளே கூட்டிப்போகவில்லை, அது சரிதான், அவர்கள் வீட்டுக்குள் நாம் கேமராவோடு நுழைவது எப்படி?

கடைசியாக ராயபுரம், பார்சிகளின் அக்கினிக் கோயில், 1910இல் கிளப்வாலா குடும்பத்தார் கட்டியது. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு மேரி கிளப்வாலா ஜாதவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் எப்படி? கணவர் இறந்தபின் கில்ட் ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பில் சேர்ந்து, இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்துக்காரர்களைக் கவனிக்க 1942இல் தொண்டர் குழு ஒன்றை அமைத்து, 1952இல் சமூகப்பணி சொல்லித்தர ஒரு கல்லூரியே தொடங்கியவர். நல்ல மனசு மட்டும் போதாது, தொண்டுக்கும் பயிற்சி வேண்டும் என்று இந்த ஊரில் முன்கூட்டியே யோசித்தவர் அவர். நான் கேட்டதும் தம்பி, "அது அடுத்த நடையில்" என்றார். அதற்குத் தனியாக 400 ரூபாயாம்.

போகலாமா? போங்கள், ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். மூன்றும் வண்ணாரப்பேட்டைக்குத்தான். தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் ஒதுங்க இடமில்லை. டீக்காசு கட்டணத்தில் சேராது.