ஆக்சிஜன் தாமதம்: உயிர் லேட்டா, இரும்பு விழுங்கியதா?

பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு, காற்றில் ஆக்சிஜன் தங்க ஆரம்பித்ததோ சுமார் 240 கோடி ஆண்டுக்கு முன்புதான். ஏன்? தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் விடும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரே அப்போதுதான் வந்தது என்பது ஒரு கட்சி. எளிமையான பதில், ஆனால் அதற்கும் முந்தைய, சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய ஆஸ்திரேலியக் கடலடிப் பாறைகளில் மாலிப்டினம் என்ற உலோகம் கூடியிருப்பது இடிக்கிறது. கொஞ்சமாவது ஆக்சிஜன் பட்டு நிலத்துத் தாதுக்கள் கரைந்தால்தான் அது கடலுக்குள் அவ்வளவு வரும் (இதிலும் சண்டை உண்டு). சரி, அடுத்த கட்சி: அந்த நுண்ணுயிர் முன்பே இருந்தது, அது விட்டதையெல்லாம் கடலில் கரைந்திருந்த இரும்பும் எரிமலை வாயுக்களும் தின்று தீர்த்தன. சிவப்பும் சாம்பலுமாக வரிவரியாகக் கிடக்கும், கடலில் துருவாகப் படிந்த பழைய இரும்புப் பாறைகளைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. ஆக்சிஜனே இல்லாமல் இரும்பைத் துருவாக்கும் நுண்ணுயிர்களும் உண்டுதான், அதனால் அந்தப் பாறைகள் மட்டும் முழுச் சாட்சி ஆகாது. இருந்தாலும் என் ஓட்டு இரண்டாவதுக்கே.