தங்கூசியா, பின்னலா, புளோரோகாபனா? ஸ்பின்னிங் றீலுக்கு ஏற்ற நூல்

யாழ்ப்பாணத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் நூல் கேட்டால், "எத்தனை இறாத்தல் வேணும் தம்பி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கையால் வீசி கையாலேயே இழுக்கும் தூண்டிலுக்கு அந்தக் கேள்வி போதும். ஸ்பின்னிங் றீலுக்கு முதலில் பார்க்கவேண்டியது நூலின் தடிப்பு. எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அடுத்தது.

காரணம் அந்த றீலின் அமைப்பிலேயே இருக்கிறது. 1905 இல் இதற்குக் காப்புரிமை எடுத்த இங்கிலாந்துக்காரர் இலிங்வேர்த் கம்பளி ஆலை நடத்தியவர். ஆலையில் நூல்கட்டையின் நுனியால் நூல் கழன்று ஓடுவதைப் பார்த்தே அவர் இதை அமைத்தார். வீசும்போது நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் அசையாமல் நிற்க, நூல் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று போகும். விறைப்பான, தடித்த நூல் என்றால் அந்த வளையங்கள் பெரிதாகி விளிம்பிலும் தடியின் முதல் வளையத்திலும் அடித்து வேகத்தைத் தின்றுவிடும். மெல்லிய, துவளும் நூல் சத்தமில்லாமல் ஓடும். மூன்று வகை நூலையும் இந்த றீலில் போட்டு அளக்கும்போது இதையே முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

20 இறாத்தல் தாங்கும் தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலோன் நூல், ஏறத்தாழ 0.40 மில்லிமீற்றர் தடிப்பு. அதே 20 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல், நம் பெடியள் பிறெயிட் என்று சொல்வது, 0.23 அளவில் முடிந்துவிடும். ஒரே ஸ்பூலில் பின்னல் நூல் மூன்று மடங்கு நீளம் கொள்ளும். வீச்சுத் தூரத்திலும் வித்தியாசம் முதல் வீச்சிலேயே தெரியும். பண்ணைப் பாலத்தடியில் சின்னப் போலி இரை வீசுபவர்களைக் கவனித்தால் விளங்கும்: மெல்லிய பின்னல் போட்டவரின் இரை வாய்க்காலின் நடு ஓட்டத்தில் விழும்போது, தடித்த தங்கூசி போட்டவரின் இரை கரைக்குக் கிட்டவே விழுந்திருக்கும்.

அப்படியென்றால் எல்லாரும் பின்னல் நூலுக்கே போய்விடலாமே என்று கேட்கலாம். குடாநாட்டின் பாதிக் கரைக்கு என் பதில் ஆம். மற்றப் பாதிக்கு இல்லை. தண்ணீருக்கு அடியில் கிடப்பது என்ன என்பதுதான் இந்த இரண்டையும் பிரிக்கிறது.

பரவைக்கடலில்

பண்ணை, அராலி, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவிலுள்ள தெரு, பொன்னாலைப் பாலம் என்று எங்கே நின்றாலும் தண்ணீர் ஆழமில்லை. அடியில் சேறும் மணலும் சாதாளையும். இங்கே மெல்லிய பின்னலுக்கு நிகர் வேறில்லை. அது இழுபட்டு நீளாத நூல். தங்கூசி அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால் பங்குக்குக் கிட்ட நீண்டு கொடுக்கும்; பின்னல் சில சதவீதம்தான். அதனால் நாற்பது, ஐம்பது மீற்றர் தொலைவில் மீன் இரையைத் தொட்டால் விரலுக்கு வந்துசேரும். கணவாய்க்கு இறால் வடிவப் போலி இரையை இழுத்து இழுத்து நிறுத்துபவர்களுக்கு இந்த உணர்வு இல்லாமல் தொழிலே இல்லை. கணவாய் வந்து அணைக்கும்போது நூலில் ஒரு சின்னப் பாரம் மட்டுமே ஏறும்.

2500 அல்லது 3000 அளவு றீல் என்றால் பின்னலில் பீ.ஈ. 0.8 அல்லது 1 எடுங்கள். பெட்டியில் இருக்கும் இந்த எண் யப்பானியர் தடிப்பைக் குறிக்கும் முறை, பீ.ஈ. 1 என்றால் 0.165 மில்லிமீற்றர், பீ.ஈ. 2 என்றால் 0.235. இறாத்தல் கணக்கை விட இந்த எண்ணையே நம்பலாம். ஏனென்றால் மலிவுப் பின்னல்களில் இறாத்தலைக் கண்டபடி ஏற்றி எழுதுகிறார்கள். 0.20 மில்லிமீற்றர் நூல் 60 இறாத்தல் தாங்கும் என்று ஒட்டியிருந்தால் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள். பின்னல் நூலுக்குரிய பொலித்தீன் இழை எவ்வளவு திறமானதாக இருந்தாலும் அந்தத் தடிப்பில் அவ்வளவு பாரம் தாங்காது.

சோளகம் வீசும் மாதங்களில் பின்னலுக்கு ஒரு தொல்லை உண்டு. பாரம் குறைந்த இரையைக் காற்றுக்குக் குறுக்கே வீசினால் நூல் தொய்ந்து ஸ்பூலில் தளர்ந்த வளையமாகச் சுற்றும். அடுத்த வீச்சில் அது கொத்தாகக் கிளம்பி முதல் வளையத்தில் சிக்குப்படும். இதற்கு வழி உண்டு. இரை தண்ணீரில் விழுந்ததும் நூலை ஸ்பூலுக்குத் திருப்பும் வளைகம்பியைக் கைபிடியைச் சுற்றி மூடாமல், கையால் மூடி, நூலை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்கவேண்டும். இந்தப் பழக்கம் வந்தவருக்குச் சிக்கு அபூர்வம். பழக மனமில்லாதவருக்கும், தடி பிடிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கும் 0.25 அல்லது 0.28 தங்கூசிதான் நல்லது. அதில் சிக்கு விழுந்தாலும் நகத்தால் கிளறி எடுக்கலாம். மெல்லிய பின்னலில் விழுந்த சிக்கைப் பெரும்பாலும் வெட்டித்தான் எறியவேண்டும்.

வடகரைக் கல்லில்

காங்கேசன்துறையிலிருந்து மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை வரை கரை சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும். அங்கே கலவாயும் விளைமீனும் கல்லிடுக்கில் நிற்கின்றன. கொளுவியதும் இடுக்குக்குள் ஓடும். இந்த இடத்தில் பின்னல் நூலின் பெலவீனம் வெளிச்சத்துக்கு வருகிறது. இறுகி நிற்கும் பின்னல் கல்லின் விளிம்பில் ஒருமுறை உரசினாலே அறுந்துவிடும். மெல்லிய இழைகள் பலவற்றைப் பின்னியது அது. ஒவ்வொரு இழையாக வெட்டுப்பட நேரமெடுக்காது. தங்கூசி ஒரே திரட்டான நூல். தோல் கீறுப்பட்டாலும் உள்ளே பலம் மிஞ்சியிருக்கும்.

அதனால் கல்லில் ஈயம் போட்டு, இறாலோ கணவாய்த் துண்டோ குத்தி அடியில் விடுபவருக்கு 4000 அல்லது 5000 றீலில் 0.40, 0.45 தங்கூசியைத்தான் சொல்வேன். வீச்சுக் குறையும். ஆனால் மீன் காலடியிலேயே நிற்கும் கரையில் தூரம் எதற்கு? நீளும் குணமும் இங்கே கைகொடுக்கிறது: பெரிய மீன் திடீரெனப் பாய்ந்தால் அந்த அதிர்ச்சியின் ஒரு பங்கை நூல் வாங்கிக்கொள்ளும், முடிச்சுத் தப்பும். விலையும் குறைவு. கல்லில் கொளுவி ஐந்தாறு பாகம் போனாலும் மனம் நோகாது.

அதே கரையில் பாரைக்குப் போலி இரை எறிபவருக்கு என் யோசனை வேறு. அவருக்குத் தூரம் வேண்டும், வேகம் வேண்டும். பீ.ஈ. 2 பின்னல், முன்னால் 0.50 அல்லது 0.60 லீடர், அதாவது பின்னலுக்கும் இரைக்கும் நடுவில் கட்டும் தடித்த நூல்துண்டு. பின்னலில் நான்கு இழை, எட்டு இழை என்று இரண்டு வகை விற்கிறார்கள். எட்டு இழை வழுவழுப்பு, வளையத்தில் இரைச்சல் குறைவு, தூரம் சற்றுக் கூட. நான்கு இழையில் ஒவ்வொரு இழையும் தடிப்பு, உரசலைக் கொஞ்சம் கூடத் தாங்கும், விலையும் மலிவு. கல்லுக்கு நான்கு இழை, பரவைக்கடலுக்கு எட்டு.

மணற்காடு, கட்டைக்காடு பக்கத்து மணற்கரையில் வாதம் சுருக்கம். கொளுவக் கல் இல்லை, மீன் அலைக்கு அப்பால். பின்னல்தான்.

புளோரோகாபன் எதற்கு

புளோரோகாபன் விலை கூடிய நூல். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சிலர் ஸ்பூல் நிறைய அதைச் சுற்றிவிடுகிறார்கள். ஸ்பின்னிங் றீலுக்கு இதைப் போன்ற வீண் செலவு இல்லை. மூன்றிலும் விறைப்பானது இதுதான். ஸ்பூலில் இருந்த வளைவை மறக்காது, வளைகம்பி திறந்ததும் கட்டிலில் இருந்து எழும்பிய சுருள்கம்பி போலத் துள்ளி வெளியே வரும்.

அதன் உண்மையான இடம் நூலின் நுனி. 1971 இல் யப்பானின் குரேகா நிறுவனம் இதைத் தூண்டில் நூலாகக் கொண்டுவந்தது. ஒளி இதற்குள் முறியும் அளவு 1.42, தண்ணீரில் 1.33, நைலோனில் 1.5 க்கு மேல். தண்ணீரோடு கிட்ட நிற்பதால் மீனின் கண்ணில் படுவது குறைவு. அடர்த்தி 1.78 ஆகையால் கெதியாகத் தாழும். தண்ணீரை உறிஞ்சாது. நைலோன் உறிஞ்சும், நனைந்தபின் பலத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ இழக்கும். கல்லில் உரசலையும் புளோரோகாபன் தாங்கும்.

ஆனாலும் எங்கே போனாலும் இது வேண்டுமென்றில்லை. பங்குனி, சித்திரையில் வடகரை அடங்கித் தெளிந்து கிடக்கும்போது, அடிக்கல் கண்ணுக்குத் தெரியும் தண்ணீரில், புளோரோகாபன் லீடருக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. சோளகம் கலக்கிய பண்ணைத் தண்ணீரில் மீனுக்கே எதிரில் இருப்பது தெரியாது, அங்கே 0.40 தங்கூசியை லீடராகக் கட்டினால் போதும். சீலா திரியும் இடத்தில் மூன்று நூலும் தோற்கும். அதன் பல்லுக்கு ஒரு சாண் கம்பி கட்டத்தான் வேண்டும்.

லீடர் எவ்வளவு நீளம்? பாலத்தடியில் கல்லும் சிப்பியும் ஒட்டிய விளிம்பு இருப்பதால் ஒரு பாகத்துக்குக் குறையாமல் வையுங்கள். கல்லுக்கு இரண்டு பாகம். பின்னலையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சுத்தான் மெல்லியது, வளையத்துக்குள்ளால் தட்டாமல் போகும். காற்றடிக்கும் கரையில் நின்று அதைப் போடுவது கரைச்சல். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போங்கள், கரையில் அறுந்தால் இரட்டை யூனி முடிச்சால் சமாளிக்கலாம். பின்னல் வழுக்கும் நூல், தங்கூசிக்குப் போடும் பழைய சுற்று முடிச்சு அதில் நழுவிவிடும். தங்கூசி, புளோரோகாபன் முடிச்சுகளை எச்சிலால் நனைத்துவிட்டு இறுக்கவேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உரசல் சூட்டில் அந்த இடமே முதலில் அறும்.

சுற்றும் முன்

பின்னலை வெறும் உலோக ஸ்பூலில் நேரே சுற்றினால் மீன் இழுக்கும்போது முழு நூலுமே ஸ்பூலில் வழுக்கிச் சுழலும். மீன் பலமாக இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் டிராக் பழுதென்று நினைத்து ஆட்கள் றீலைக் கழற்றிப் பார்ப்பார்கள். அடியில் சில மீற்றர் தங்கூசி சுற்றி அதன்மேல் பின்னலைக் கட்டினால் வழுக்காது, பின்னலும் மிச்சம். விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் குறைவாக நிரப்புங்கள். குறைத்து நிரப்பினால் தூரம் போகாது, கூட்டினால் கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

டிராக்கை நூல் தாங்கும் பாரத்தின் காற்பங்கில் நூல் விடும்படி வையுங்கள், மூன்றிலொன்றைத் தாண்டவேண்டாம். மீன் நூலை இழுத்து ஓடும்போது கைபிடியைச் சுற்றவே கூடாது. 5:1 பல்விகிதமுள்ள றீலில் அப்படி ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு ஏறும். முதலில் கெட்டுப்போவது தங்கூசிதான். முறுக்கேறிய நூலைத் தூக்கி எறியவேண்டாம்; வள்ளத்தில் போகும்போது நுனியில் ஒன்றும் கட்டாமல் பின்னால் இழுபட விட்டால் அவிழ்ந்துவிடும்.

கல்லில் கொளுவிய பின்னலை வெறும் கையில் சுற்றி இழுக்காதீர்கள். விரலை எலும்புவரை அறுக்கும். ஒரு தடியில் சுற்றி இழுங்கள். அறுத்தெடுத்த துண்டுகளையும் கரையில் விடவேண்டாம். வாடை மாதங்களில் பரவைக்கடலுக்கு வந்து மேயும் நாரைகளும் உள்ளான்களும் காலில் சுற்றிக்கொண்டு கிடப்பது பார்க்கச் சகிக்காத காட்சி. விரலளவாக நறுக்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாகச் செலவுக் கணக்கு. தங்கூசி வெயிலிலும் உப்பிலும் மெல்ல மெல்லப் பலம் இழக்கும். தோல் வெளிறிச் சொரசொரத்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், அதற்குத்தானே அது மலிவு. பின்னல் வெயிலை நன்றாகத் தாங்கும், நிறம் போவதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அதில் தேய்வது முன்பக்கத்து முப்பது, நாற்பது மீற்றர்தான். அது பஞ்சு பிடித்ததும் முழு நூலையும் இன்னொரு ஸ்பூலுக்கு மாற்றி, தலைகீழாகத் திரும்பச் சுற்றுங்கள். இதுவரை அடியில் கிடந்த பகுதி புதுநூலாக மேலே வரும், வாங்கும்போது கொடுத்த கூடுதல் காசும் பாதி திரும்பிவிடும்.