படத்தைச் சுட்டவரிடம் பேசுவதா, புகார் கொடுப்பதா, வக்கீலிடம் போவதா?

நம் படம் இன்னொருவர் கடையில் இருப்பதைப் பார்த்ததும் கை முதலில் போவது கமெண்ட் பெட்டிக்குத்தான். ‘இது என்னுடைய படம், உடனே எடுங்கள்’ என்று தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கமெண்ட் காணாமல் போயிருக்கும், நம் கணக்கையும் பிளாக் செய்திருப்பார்கள். படம் மட்டும் அப்படியே இருக்கும், நம்மைவிடப் பத்து வெள்ளி குறைத்துப் போட்ட விலையோடு. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்தபடி ஆரத்தித் தட்டும் பட்டுநூல் வளையலும் கொலுவுக்கு வைத்துக்கொடுக்கும் பரிசுகளும் செய்து விற்கிற எங்களுக்குத் தீபாவளி சீசன் நெருங்கினால் இது தவறாமல் வரும் தலைவலி.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து: சுட்டவரிடமே கேட்பது, அந்தத் தளத்தில் பதிப்புரிமைப் புகார் கொடுப்பது, ஊரறியப் போட்டு உடைப்பது, வக்கீல் கடிதம், கடைசியாக நீதிமன்றம். எது சிறந்தது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. சுட்டவர் யார், நமக்கு வேண்டியது படம் இறங்குவதா அல்லது பணமா என்று இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டால் பாதிக்கு மேல் தானாகவே கழன்றுவிடும்.

படம் நம்முடையதுதானா?

இதில் தடுக்கி விழுபவர்கள் நிறைய. தட்டைச் செய்தது நாம் என்பதால் தட்டின் படமும் நமக்கே சொந்தம் என்று ஆகிவிடாது. பதிப்புரிமை பொதுவாகப் படம் எடுத்தவருக்கு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால் முன்பு காசு கொடுத்தவருக்கே உரிமை இருந்தது. 2021 பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த பிறகு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அது புகைப்படக்காரருக்கே போகிறது. கல்யாணப் புகைப்படக்காரர் எடுத்துத் தந்த அழகான ஆரத்தி படத்தை நம் பக்கத்தில் போட்டிருப்போம், அதை யாராவது சுட்டால் புகார் கொடுக்க வேண்டியவர் அவர். மணப்பெண் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செல்ஃபிக்கும் இதே கதைதான். அதனால் இனிமேல் யாரையாவது வைத்துப் படம் எடுத்தால், உரிமையை மாற்றித் தருவதாக அவர் கையெழுத்திட்ட ஒரு தாள் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு இதற்குப் போதாது.

இன்னொன்று. நம் தட்டைப் பார்த்து அதே மயில், அதே முத்துச்சரம் வைத்துச் செய்து, அவர்களே படம் எடுத்துப் போட்டால் படத்தின் பதிப்புரிமை அங்கே உதவாது. அது வடிவமைப்பு விவகாரம். சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் வடிவமைப்பைப் பதிவு செய்தால், புதுப்பித்துக்கொண்டே போய் அதிகபட்சம் 15 ஆண்டு பாதுகாப்பு உண்டு. சீசனுக்குச் சீசன் மாடல் மாற்றும் எங்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம்.

படம் நம்முடையதே என்றால் எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஆதாரம் சேர்ப்பது. படம், விலை, கடைப் பெயர், முகவரிப் பட்டை, தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட். பிறகு நம் கைப்பேசியில் கிடக்கும் அசல் கோப்பு. இன்ஸ்டகிராமில் ஏற்றியதும் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் ஆதாரத்துக்கு உதவாது. எடுத்த நேரம், கேமரா போன்ற உள்விவரங்களை அவை பெரும்பாலும் உரித்துவிடுகின்றன. நான் குந்தன் கல் பதித்த தட்டுகளைச் சமையலறை ஜன்னலோரம் வைத்துத்தான் எடுப்பேன். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் இருக்கும் பெரிய கல்லில் எங்கள் ஜன்னல் கம்பியின் சதுரங்களும், அதற்குக் கீழே மூங்கிலில் காயும் துணியின் நிழலும் குட்டியாகத் தெரியும். பின்னணியை மாற்றி ரோஜா இதழ் தூவிப் போட்டவர்கள்கூட அந்தக் கல்லைத் தொடவில்லை. அதே கோணத்தில் எடுத்து, எங்கும் வெளியிடாமல் வைத்திருக்கும் நாலைந்து படங்களும் இருந்தால் வாதம் அத்தோடு முடிந்தது. திருடியவரிடம் ஒரே ஒரு படம்தான் இருக்கும்.

நேரில் கேட்பதும் தளத்தில் புகாரும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

செய்தி அனுப்பிக் கேட்பதற்குக் காசு செலவில்லை, சில சமயம் அரை மணியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது பெயரும் முகமும் உள்ளவரிடம் மட்டும்தான் பலிக்கும். தேக்கா பக்கம் கடை வைத்திருப்பவர், கேம்பல் லேன் தீபாவளிச் சந்தையில் நாளைக்கு நமக்கு எதிர்க்கடை போடக்கூடியவர், நமக்குத் தெரிந்த அக்காவின் தோழி என்றால் கட்டாயம் முதலில் கேளுங்கள். இந்தச் சின்ன ஊரில் ஒருவரிடம் சொல்லாமலே புகார் தட்டிவிட்டால், அப்புறம் நாம்தான் பொல்லாதவர் என்று பேச்சு வரும். பல பேர் பின்ட்ரெஸ்டில் பார்த்த படம்தானே என்று எடுத்திருப்பார்கள். அவர்களுக்கு அது யாருடையது என்றே தெரியாது.

கேட்கிற விதமும் முக்கியம். ‘வணக்கம் சிஸ், உங்கள் பக்கத்தில் இருக்கும் மயில் ஆரத்தித் தட்டுப் படம் நான் எடுத்தது. என் பக்கத்தில் ஜூலையிலேயே போட்டிருக்கிறேன், இணைப்பு கீழே. நாளை மாலை 6 மணிக்குள் எடுத்துவிடுங்கள், இதோடு விட்டுவிடலாம்.’ அவ்வளவுதான். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு எண்ணும் வேண்டாம். நேரம் மட்டும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ‘பார்க்கிறேன் கா’ என்று ஒரு பதில் வரும், தீபாவளியே முடிந்துவிடும்.

முகம் தெரியாத கணக்காக இருந்தால் செய்தி அனுப்புவது அவர்களை உஷார்படுத்துவதில்தான் முடியும். நேராகப் புகாருக்குப் போங்கள்.

புகார் என்றால் பதிவின் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி ‘பிடிக்கவில்லை’, ‘ஸ்பாம்’ என்று சொல்வது இல்லை. ஒவ்வொரு தளத்திலும் பதிப்புரிமைக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்ஸ்டகிராம், ஃபேஸ்புக், எட்ஸி எல்லாம் அமெரிக்க நிறுவனங்கள். அவற்றின் படிவங்கள் 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டியவை. ஷாப்பி, லசாடா, கரோசல் போன்றவற்றிலும் அறிவுசார் சொத்துப் புகாருக்கு வழி உண்டு. சிங்கப்பூர்ச் சட்டத்திலும் இப்படி அறிவிப்பு கொடுத்து இறக்கச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. கேட்பது எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: நம் பெயர், தொடர்பு, அசல் படத்தின் இணைப்பு, திருட்டுப் படத்தின் இணைப்பு, சொல்வதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழி. கடையின் முகப்பு இணைப்பை மட்டும் கொடுத்தால் போதாது, படத்துக்குப் படம் தனித்தனி இணைப்பு வேண்டும். உறுதிமொழியை விளையாட்டாக எடுக்காதீர்கள். பொய்ப் புகாருக்கு இரு நாட்டுச் சட்டத்திலும் விளைவு உண்டு.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நாம் கொடுக்கும் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்குப் போகலாம். அதனால் வீட்டு முகவரி, சொந்தக் கைப்பேசி எண் எதையும் தேவைக்கு மேல் எழுதாமல், கடை மின்னஞ்சல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

எதிராளி மறுப்பு அறிவிப்பு கொடுக்கவும் வழி இருக்கிறது. டிஎம்சிஏ முறையில் அப்படிக் கொடுத்தால், 10 முதல் 14 வேலை நாளுக்குள் நாம் வழக்குப் போட்டதாகக் காட்டாவிட்டால் படம் திரும்ப ஏறிவிடும். கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் மறுப்பவர் தன் உண்மைப் பெயர், முகவரி கொடுத்து அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்படுவதாகவும் எழுதித் தர வேண்டும். போலிக் கணக்கு நடத்துபவர் அதற்கெல்லாம் எங்கே வரப்போகிறார்? திரும்பத் திரும்பப் புகார் விழும் கணக்கையே தளங்கள் மூடுவதும் உண்டு. முகம் தெரியாத திருடருக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் எனக்குத் தெரிந்து இல்லை. குறை ஒன்றுதான்: படம் இறங்கும், பணம் வராது.

தனி இணையக் கடை நடத்துபவர் என்றால் கொஞ்சம் சுற்று வேலை. அந்தக் கடை, இணையக் கடை அமைக்க இடம் தரும் ஷாப்பிஃபை மேல் ஓடுகிறது என்றால் ஷாப்பிஃபைக்கே புகார் கொடுக்கலாம். கூகுளிடம் சொல்லித் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்லலாம். சீனத் தொழிற்சாலைக் கடைகள் இன்னும் சுற்ற வைக்கும். அங்குள்ள தளங்கள் உரிமைச் சான்றிதழ் கேட்டால் நம்மிடம் காட்ட எதுவும் இருக்காது, ஏனென்றால் சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவேடே கிடையாது. படம் எடுத்த கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. அங்கேதான் அசல் கோப்புகள் கைகொடுக்கும். ஒரு கடையில் இறக்கினால் இன்னொரு கடையில் முளைக்கும். உங்கள் வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் இல்லாவிட்டால் அதை விட்டுத் தள்ளுங்கள் என்பேன்.

ஊரறியப் போடுவது

மனசுக்கு இதமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஸ்டோரியில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அவர் பெயரை டேக் செய்தால், நம் ஆட்கள் படை திரண்டு வருவார்கள். சில நேரம் படமும் இறங்கிவிடும்.

ஆனால் சிங்கப்பூரில் இது கத்திமேல் நடக்கிற வேலை. ‘திருடி’ என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கிறோம். அப்போது அதை நிரூபிக்கும் பாரம் நம் தலையில். அவர் கைப்பேசி எண், வீட்டுத் தொகுதி எண், பிள்ளை படிக்கும் பள்ளி என்று யாராவது கமெண்டில் போட்டுவிட்டால் விஷயம் இன்னும் மோசம். தொல்லை கொடுக்கும் நோக்கத்தில் ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றம். படம் பறிகொடுத்தவர் நாம், காவல் நிலையத்தில் பதில் சொல்பவரும் நாம் என்று ஆகிவிடக் கூடாது. பெயர் சொல்லாமல், ‘எங்கள் படங்கள் வேறு பக்கங்களில் வருகின்றன, எங்கள் ஆர்டர் இந்தக் கணக்கில் மட்டுமே’ என்று ஓர் அறிவிப்பை மேலே பின் செய்து வைத்தால் அதே பலன் ஆபத்தில்லாமல் கிடைக்கும்.

வக்கீல் கடிதமும் நீதிமன்றமும்

வக்கீல் கடிதத்துக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி செலவாகும். கடிதம் போய்ச் சேர ஒரு முகவரியும் வேண்டும். பதிவு செய்த நிறுவனம் என்றால் நிறுவனப் பதிவுகளைக் கவனிக்கும் அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் தேடிப் பிடித்துவிடலாம். அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே வியாபாரம் செய்பவர் பதிவு செய்யத் தேவையில்லை என்பதால், வீட்டு வியாபாரிகள் பலர் அங்கே சிக்கமாட்டார்கள். ஆகவே இது பெரிய ஆளுக்கு எதிரான வழி. கல்யாண மண்டப அலங்கார நிறுவனம் நம் படத்தைத் தன் விளம்பரத்தில் போட்டு ஆர்டர் பிடிக்கிறது என்றால் கடிதம் அனுப்புங்கள், நியாயமான உரிமக் கட்டணமும் கேளுங்கள். பணம் பெயரக்கூடிய இடம் பெரும்பாலும் இதுதான். ஆதாரம் இல்லாமல் மட்டும் மிரட்டாதீர்கள். அடிப்படையற்ற வழக்கு மிரட்டலுக்கு எதிராக எதிராளியே நீதிமன்றம் போகச் சட்டம் இடம் தருகிறது.

நீதிமன்றம் பற்றிப் பேசும்போது எல்லாரும் சொல்லும் எண் ஒன்று உண்டு: ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி. இழப்பை வெள்ளிக் கணக்கில் நிரூபிக்காமலே சட்டப்படியான இழப்பீடு கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் 10,000 என்பது உச்சவரம்பு. நீதிபதி, சுட்டவரின் நோக்கம், அவர் அடைந்த லாபம், நம் நஷ்டம், இரு தரப்பும் நடந்துகொண்ட விதம் எல்லாம் பார்த்துத்தான் தொகையைச் சொல்வார். முப்பது வெள்ளித் தட்டு விற்கிற கதையில் அது எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றத்தில் போடலாமே என்று கேட்பார்கள். 20,000 வெள்ளி வரை, வக்கீல் இல்லாமல் என்றால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பொருள் விற்பனை, சேவை ஒப்பந்தம் போன்ற தகராறுகளுக்குத்தான் அந்த மன்றம், பதிப்புரிமை மீறல் அதில் வராது. உயர் நீதிமன்றத்தில் 500,000 வெள்ளிக்குள்ளான அறிவுசார் சொத்து வழக்குகளுக்கு 2022 முதல் எளிமையான தடம் ஒன்று இருக்கிறது. எளிமை என்பது மற்ற வழக்குகளோடு ஒப்பிட்டால்தான். இரண்டு தரப்பும் பேசத் தயார் என்றால் மெக்ஸ்வெல் சேம்பர்ஸில் வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பின் சமரச மையம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து வளையல் விற்பவர் யாரும் அங்கே படியேறியதில்லை.

வாட்டர்மார்க் போட்டால் வராதா?

மூலையில் போட்டால் வெட்டிவிடுவார்கள். நடுவில் போட்டால் இப்போதைய ஏஐ செயலி ஒரே தட்டில் துடைத்துவிடும், நம் வாடிக்கையாளருக்கும் தட்டு சரியாகத் தெரியாது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கடைப் பெயர் அச்சிட்ட சின்னத் துணிப் பட்டையைத் தட்டோடு சேர்த்தே படம் பிடிப்பது, கை தெரிகிற மாதிரி செய்முறை வீடியோ போடுவது இரண்டும் அதைவிட உருப்படியானவை. அவ்வப்போது கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ நம் படத்தைப் போட்டுத் தேடிப் பார்ப்பதும்தான்.

நம் படத்தைக் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு தட்டே தராமல் மறைபவர் விஷயம் வேறு. அது பதிப்புரிமையைத் தாண்டிய மோசடி. அந்த நேரத்தில் உரிமைப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்காமல், ஏமாந்தவரைக் காவல்துறையில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். என்ன செய்வதென்று சந்தேகமாக இருந்தால் ஸ்கேம்ஷீல்ட் என்ற மோசடித் தடுப்பு உதவிச் சேவையின் 1799 எண்ணுக்கு அழைக்கலாம். நாம் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள், கணக்கு மூடப்படுவதற்குள் அவருக்கு அவை தேவைப்படும்.