ரோக் தீவைத் தின்ற பைண்டிங்

புத்தகம் பைண்டிங்கிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்சீ என்ற மாயாஜால நாவல் வரிசையில் முதல் நான்கு நாவல்களும் ஒரே அட்டைக்குள் இருக்கும் தடித்த பேப்பர்பேக். மதுரையில் கல்லூரிக் காலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. தீவுக்கூட்டம், மந்திரவாதி கெட், அவனைத் துரத்தும் நிழல் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாதவர்கள் மன்னிக்கவும், கீழே கதை நிறைய வெளியே வரும்.

கடலோர வீட்டில் பேப்பர்பேக்குக்கு ஆயுள் கம்மி. எங்கள் மண்டபம் ஊர்க் காற்றில் தாள் ஈரம் குடித்து நெளியும், முதுகுப் பசை காய்ந்து வெடிக்கும். இரண்டாவது நாவலின் நடுப்பக்கங்கள் கையோடு வரத் தொடங்கியதும் ராமநாதபுரத்தில் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்தேன். "அண்ணே, உள்ள ரெண்டு பக்கத்துக்கு ஒரு மேப் இருக்கு, பாத்து" என்று சொல்லித்தான் கொடுத்தேன். "அதெல்லாம் பாத்துக்கிருவோம் தம்பி" என்றார்.

வேலை என்னவோ சுத்தம். கெட்டி அட்டை, சிவப்புக் காலிகோத் துணி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்ட மைதாப் பசை. ஆனால் பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் தைத்துவிட்டார். முதுகிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி நூல் ஓடுகிறது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தால்தான் வரியின் கடைசிச் சொல் தெரியும், ஒரு கையை எடுத்தால் டப்பென்று மூடிக்கொள்கிறது. டீயை வைத்துக்கொண்டு படிக்கிற சுகம் போச்சு. போதாததற்கு மூன்று ஓரத்தையும் கட்டிங் மெஷினில் கொடுத்துச் சமப்படுத்தியிருக்கிறார். ஓரத்தில் பென்சிலால் நான் எழுதி வைத்ததெல்லாம் பாதிப் பாதிச் சொல்லாக நிற்கிறது.

அந்த மேப்பில் நடுவில் இருந்த ரோக் தீவு தையலுக்குள் போய்விட்டது. மந்திரவாதிகளின் பள்ளி இருக்கிற தீவு. கதையில் ரோக்கை ஒரு காற்று காவல் காக்கும், தீயதை அண்டவிடாது. கெட் ஏறி வந்த கப்பலையே அது திருப்பி அனுப்பும். இப்போது நல்லவன் கெட்டவன் யாரும் அங்கே போக முடியாதபடி அண்ணன் பார்த்துக்கொண்டார்.

நியாயமாகச் சொன்னால் அவரைக் குறை சொல்ல வழியில்லை. இந்த மாதிரிப் புத்தகத்தில் தாள்களை மடித்துக் கட்டுக்கட்டாகத் தைத்திருக்க மாட்டார்கள். முதுகை வெட்டி ஒற்றைத் தாளாக்கிப் பசையில் நிறுத்தியிருப்பார்கள். மடிப்பே இல்லாத தாளை நடுவில் தைப்பது எப்படி? மறுபடி ஒட்டலாம், நம் ஊர்க் காற்றில் மறுபடி கழலும். இல்லாவிட்டால் பக்கத் தையல்தான். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தும் அவர் கடை வழியாகப் போகும்போது வண்டியை நிறுத்துவதில்லை.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு அமுக்கிப் பிடித்து எதற்குப் படிக்கிறாய் என்றால், முதல் நாவலில் ஒரு மணல் திட்டுக்காக. 1968-ல் வந்த நாவல் அது. படகு உடைந்து கெட் ஒதுங்குகிற திட்டு. அங்கே ஒரு கிழவனும் கிழவியும். குழந்தைகளாக அங்கே கொண்டுவிடப்பட்ட அண்ணன் தங்கை, பேச்சே மறந்துபோனவர்கள். குடிக்கக் கரிக்கும் ஊற்று ஒன்றுதான் உண்டு. கிழவி தான் பொத்தி வைத்திருந்த உடைந்த வளையத் துண்டு ஒன்றை அவனுக்குக் கொடுக்கிறாள். அவனிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. கிளம்புமுன் ஊற்றுக்கு ஒரு மந்திரம் போட்டு, நல்ல தண்ணீர் வற்றாமல் சுரக்கச் செய்துவிட்டுப் போகிறான்.

டிராகன் எப்போது வரும் என்று ஓடிக்கொண்டிருந்த வயதில் இந்தப் பக்கங்களைச் சட்டென்று தள்ளிவிட்டுப் போனேன். குடத் தண்ணீருக்குக் காசு கொடுக்கிற ஊரில் குடித்தனம் நடத்திய பிறகு அப்படித் தள்ள முடியவில்லை. தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குச் சில அடி தள்ளி மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் நல்லதண்ணித் தீவு என்று ஒன்று இருக்கிறது, உப்புத்தண்ணித் தீவு என்று இன்னொன்றும் இருக்கிறது. இப்போதெல்லாம் படிக்கும்போது அந்தக் கிழவி தந்ததைவிட அவள் வாங்கிக்கொண்டதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்த வளையத் துண்டு என்ன என்பது கெட்டுக்குத் தெரியாது. அடுத்த நாவலில்தான் தெரியவரும், அதை வைத்துத்தான் அந்த நாவலே நிற்கிறது. அவன் ஏதோ ஒரு பழைய உலோகத் துண்டு என்று சட்டைக்குள் போட்டுக்கொள்கிறபோது, "டேய், பத்திரம்டா" என்று எனக்கு வாய்வரை வரும். முதல் வாசிப்பில் இதற்கு வழியே கிடையாது. மறுபடி மறுபடி எடுக்கிறவனுக்குத்தான் இது கிடைக்கும்.

அப்புறம் காற்று. ரோக்கில் மழை வரவழைத்தால் வேறொரு தீவில் வறட்சி வரலாம், கண்டபடி கை வைக்காதே என்று கெட்டுக்குச் சொல்லித் தருவார்கள். படித்தவர்கள் இதைச் சமநிலைத் தத்துவம் என்று விளக்குகிறார்கள். பாம்பன்காரர்களுக்கு இதில் தத்துவம் ஒன்றுமில்லை. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் படிந்து கிடக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் அது தலைகீழ். நம் ஜில்லாவின் மழையை எந்த மந்திரவாதி எங்கே திருப்பிவிட்டானோ, அதுதான் தெரியவில்லை.

நான்காவது நாவல் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாவது வந்து பதினெட்டு வருடம் கழித்து 1990-ல் எழுதியது. மந்திரம் போய்விட்ட கெட், பாத்திரம் கழுவுகிற விதவை. சண்டைக்காகப் படிக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எனக்கு மெதுவாகத்தான் பிடித்தது, இன்னமும் முழுசாகப் பிடிக்கவில்லை.

கீழக்கரை நண்பன் கேட்டிருக்கிறான், எல்லா நாவல்களும் கதைகளும் சேர்ந்த படம் போட்ட பெரிய பதிப்பு விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று. முதல் நாவலின் ஐம்பதாவது வருடத்தை ஒட்டி 2018-ல் வந்தது, சார்லஸ் வெஸ்ஸின் படங்களோடு, ஆயிரம் பக்கத்தை நெருங்கும். லெ குவின் அந்த ஜனவரியிலேயே போய்விட்டார், கையில் எடுத்துப் பார்க்கவில்லை. நல்ல பதிப்புதான், படங்கள் அருமை. ஆனாலும் வாங்காதே மச்சான். அவ்வளவு கனத்தை மல்லாந்து படுத்துப் படிக்க முடியாது. தனித்தனிச் சின்னப் புத்தகமாகப் பார். என்னுடையதை இரவல் கேட்காதே, அதைத் திறந்து பிடிக்கவே தனிப் பழக்கம் வேண்டும், தரவும் மாட்டேன்.