கலோரியைக் குறைப்பதா, புரதத்தைக் குறைப்பதா? முதுமையில் சிறுநீரகத்துக்கு எது துணை

அறுபதைத் தாண்டியவரின் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் லேசாக ஏறியிருந்தால், பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பருப்பும் முட்டையும்தான். இரண்டு கரண்டி சோறு அப்படியே இருக்கும். நாலு மணி டீயும் பிஸ்கட்டும் அப்படியே இருக்கும். இந்த வரிசை தலைகீழ் என்பது என் எண்ணம். அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

இளவயதில் ஒரு சிறுநீரகத்துக்குச் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்ணலகுகள், இருக்கும். எழுபது வயதில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். மிஞ்சியவை கூடுதல் வேலை செய்கின்றன. 1982-இல் பிரென்னரும் சக ஆய்வாளர்களும் முன்வைத்த கருத்து இதுதான்: புரதம் அதிகமாகச் சாப்பிட்டால் வடிகட்டிகளுக்குள் அழுத்தம் கூடும், அந்த மிகையுழைப்பே நாளடைவில் அவற்றைத் தழும்பாக்கும். புரதத்தைக் குறைக்கச் சொல்லும் மருத்துவ அறிவுரைக்கு வலுவான அடித்தளம் போட்டது இந்த வாதம்.

அதே காலத்தில் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் எட்வர்ட் மசோரோவின் குழு ஃபிஷர் 344 என்ற எலி வகையை ஆராய்ந்துகொண்டிருந்தது. வயிறாரத் தின்ன விட்டால் இந்த ஆண் எலிகளுக்கு வயதாக ஆகச் சிறுநீரகம் கெட்டுப்போகும், பல அதனாலேயே சாகும். உணவை 40 சதவீதம் குறைத்தபோது அந்த நோய் பெருமளவு மறைந்தது, எலிகளும் நெடுநாள் வாழ்ந்தன. எலிகள் வளர்ந்த பிறகு, ஆறாவது மாதத்தில் குறைக்கத் தொடங்கியும் பலன் கிடைத்தது.

ஆனால் உணவைக் குறைத்தால் புரதமும் கூடவே குறைகிறதே, பலன் எதனால் வந்தது? இந்தக் கேள்வியை அவர்கள் விடவில்லை. ஒரு கூட்டத்துக்குக் கலோரியை வெட்டி, புரதத்தை மட்டும் பழைய அளவிலேயே கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்குப் புரதத்தை வெட்டி, கலோரியைத் தொடவில்லை. புரதம் குறைந்த எலிகளுக்கும் நன்மை இருந்தது, ஆனால் சிறிதளவே. கலோரி குறைந்த எலிகளுக்கு, புரதம் முழுதாகக் கிடைத்தபோதும், சிறுநீரகம் நன்றாகக் காப்பாற்றப்பட்டது. பால் புரதமான கேசினுக்குப் பதில் சோயா கொடுத்தபோதும் நோய் வெகுவாகத் தள்ளிப்போனது. புரதத்தின் அளவைப் போலவே அது எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன். பருப்பை முதலில் நிறுத்துவது எனக்கு உறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படி நடக்கிறது இது? ஜப்பானின் ஷிகா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து 2010-இல் வெளியான ஆய்வு ஒரு விடை தந்தது. கலோரி குறையும்போது சர்ட்1 என்ற புரதம் முடுக்கப்படுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களில் பழுதானவற்றைச் செல் தானே தின்று அகற்றும் வேலை, வயதானால் மந்தமாகும் வேலை, மீண்டும் நடக்கிறது.

எலிக்குச் சரி, மனிதருக்கு? புரதக் குறைப்பைச் சோதித்த பெரிய ஆய்வான எம்டிஆர்டி 1994-இல் வெளியானது. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்த 840 பேர் அதில் இருந்தார்கள். நடுத்தர அளவு பாதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேர் கிலோ எடைக்கு 1.3 கிராம் புரதமும், மீதிப் பேர் 0.58 கிராமும் சாப்பிட்டார்கள். சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கண்காணித்தும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

கலோரிக் குறைப்புக்கு லுக் அஹெட் ஆய்வைச் சொல்லலாம். சர்க்கரை நோயும் அதிக எடையும் கொண்ட 5,145 பேர். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1,200 முதல் 1,800 கலோரியும் வாரத்துக்கு 175 நிமிட உடற்பயிற்சியும் இலக்கு. மிக அதிக ஆபத்துள்ள நிலைக்குச் சிறுநீரக நோய் போகும் வாய்ப்பு அவர்களிடம் 31 சதவீதம் குறைவாக இருந்தது. இதில் உணவுக்கு எவ்வளவு பங்கு, உடற்பயிற்சிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. என்றாலும் முதுமையை நெருங்கும் பருமனான சர்க்கரை நோயாளிக்கு நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன்.

பருமன் இல்லாதவர்களிடம் கலோரியைக் குறைத்துப் பார்த்தது கேலரி (CALERIE) என்ற ஆய்வு. 218 பேர், இரண்டு ஆண்டுகள். 25 சதவீதம் குறைக்க நினைத்து சுமார் 12 சதவீதமே முடிந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது, இன்சுலின் நன்றாக வேலை செய்தது, இரண்டும் சிறுநீரகத்துக்கு நல்லவை. ஆனால் எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறைந்தது. அவர்கள் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறையும் இப்போது பரவலாகியிருக்கிறது. சாப்பிடும் நேரத்தைச் சுருக்குவதால் கலோரி குறைந்தால் அதுவும் ஒரு வழிதான். அதைத் தாண்டிய தனி மகிமை எனக்குத் தெரியவில்லை.

என்னைக் கவலைப்படுத்துபவர்கள் ஒல்லியான முதியவர்கள். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள எழுபத்தைந்து வயது அம்மாவிடம் "குறைச்சு சாப்பிடுங்க" என்று சொல்வது கெடுதல். தசை கரையும், விழுந்தால் எலும்பு முறியும். இன்னொரு சிக்கலும் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் கிரியாட்டினினும் இறங்கும், அறிக்கையில் சிறுநீரகம் தேறிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் சிறுநீரகம் தேறாமல் பழைய நிலையிலேயே இருக்கலாம். மெலிந்தவர்களுக்கு, ரத்தத்தில் உள்ள இன்னொரு பொருளை அளக்கும் சிஸ்டாடின் சி பரிசோதனை தசையை அவ்வளவாகச் சாராத கணக்கைத் தரும். சிறுநீரில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் கசிகிறதா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும்.

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக மருத்துவ அமைப்பின் 2024 வழிகாட்டி சொல்வது கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். தளர்ந்து மெலிந்த முதியவர்களுக்கு இன்னும் கூடுதல் புரதமும் கலோரியும் தரலாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. 60 கிலோ எடைக்கு 0.8 என்பது 48 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். சோறும் சாம்பாருமாகச் சாப்பிடும் பல முதியவர்கள் அந்த அளவையே எட்டுவதில்லை, அவர்களிடம் போய் எதை வெட்டுவது? எடை கூடியவர் தொட வேண்டியது சோற்றின் அளவு, எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு, அவற்றோடு உப்பும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ ரத்த அழுத்த மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே மருத்துவரைக் கேட்டு மருந்தளவை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய அளவு மருந்தோடு பாதிச் சாப்பாடு என்றால் தாழ் சர்க்கரையில் மயங்கி விழ நேரிடும்.