அரை மணி நேர வேலைன்னு சாவியை வாங்கினாங்க, 18,400 ரூபாய் போச்சு

கையில ஆயில் நாத்தம்கூட இன்னும் போகல, அதுக்குள்ள எழுதுறேன். 18,400 ரூபாய். இன்ஜினுக்கு இல்ல, டயருக்கு இல்ல. இன்ஜின் ஆயில் தேங்கற தட்டு, அதான் சம்ப், அதோட அடியில பழைய ஆயிலை வடிக்கக் கழட்டற ஒரு டிரெய்ன் பிளக்குக்கு. பட்டறை பேரைப் போடல. பைபாஸ் ஓரம், எல்லா கம்பெனி லாரியும் பார்க்கப்படும்னு போர்டு மாட்டின பெரிய ஷெட், அவ்வளவுதான் சொல்வேன்.

வண்டி பழைய ஆறு சக்கர லாரி, ஆயில் மாத்தத்தான் விட்டேன். பிளக் தலை மழுங்கியிருந்தது. இது ஒரே நாள்ல ஆகறதில்ல. ஒவ்வொரு ஆயில் மாத்தும்போதும் அதே பழைய செம்பு வாஷரையே திரும்பப் போடுவாங்க. ஒரு தடவை நசுங்கி இறுகின செம்பு மறுபடி சரியா உட்காராது, சொட்டும். சொட்டுதேன்னு ஸ்பானர்ல பைப்பை மாட்டி இன்னும் இறுக்குவாங்க. அடுத்து கழட்ட வர்றவன் தேஞ்சுபோன பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானரைப் போடுவான். அது மூலையை மட்டும்தான் கவ்வும், வழுக்கும், மூலை போயிரும். துருவை விட இந்த அளவுமீறின இறுக்கம்தான் பிளக்கைப் பிடிச்சு வெச்சிருக்கும். அதனாலதான் துரு ஆயில் அடிச்சு ராத்திரி பூரா ஊற வெச்சாலும் பெரிய பலன் இருக்காது. உள்ள மரை, அதாவது திருகுற வரிகள், முழுக்க ஆயில்லதானே ஊறிக் கிடக்குது!

ஃபோர்மேன் வந்தார். வண்டிக்கடியில பூந்து, வேஸ்ட் துணியால பிளக்கைத் துடைச்சு, கட்டைவிரல் நகத்தால ஒவ்வொரு மூலையா தடவிப் பார்த்தார். "ஆறுல ரெண்டு மூலை இருக்குதுங்கண்ணா, போதும். அரை மணி நேரம். நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க." அந்த நகத்துலதான் ஏமாந்தேன். வேலை தெரிஞ்ச ஆளுங்கதான் அப்படித் தடவுவாங்க. சாவியைக் கொடுத்துட்டேன்.

திரும்பி வந்தா ஃபோர்மேனைக் காணோம். ஒரு பையன் பைப் ரெஞ்சோட கீழ கிடக்கான். மிச்சமிருந்த ரெண்டு மூலையும் காலி. முறையா செய்யணும்னா, இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, கை பொறுக்கற சூட்டுக்கு ஆறவெச்சு, கம்பி பிரஷ்ல மண்ணைச் சுரண்டிட்டு, ஆறு முனை பாக்ஸ் ஸ்பானரை நேரா தட்டி ஏத்தணும். 27 எம்எம் தலை மழுங்கியிருந்தா 26 எம்எம் பாக்ஸை சுத்தியால அடிச்சு ஏத்தலாம். அதுக்கு முன்னாடி பித்தளைத் துண்டு ஒண்ணைத் தலைமேல நேரா வெச்சு நாலு போடு போட்டா, ஒட்டிக்கிட்ட வாஷர் விட்டுக்கொடுக்கும். அப்புறம் நீளமான கைப்பிடியில ஒரே சீரா இழுக்கணும், வெட்டி வெட்டி இழுத்தா மறுபடி வழுக்கும். அதுக்கும் மசியலைன்னா பெரிய நட்டைத் தலைமேல வெச்சு, நட்டோட துளைக்குள்ள வெல்டு பிடிக்கணும். பேட்டரி கேபிளைக் கழட்டிட்டு, சிந்தின ஆயிலைச் சுத்தமா துடைச்சிட்டு. சூட்டுல விரிஞ்ச பிளக் ஆறும்போது சுருங்கும், பிடி தளரும். தகர சம்ப்புக்குத்தான் இது. அலுமினிய சம்ப்புன்னா லேத்காரரைக் கேக்காம கை வைக்கக் கூடாது.

இவங்க உளியை வெச்சு அடிச்சாங்க. பிளக் வந்தது, சம்ப்போட மரையையும் உரிச்சிக்கிட்டு வந்தது. அது 22 எம்எம், 1.5 பிட்ச் மரை, அதாவது வரிக்கு வரி 1.5 எம்எம் இடைவெளி. ஷெட்டுல கைக்குக் கிடைச்ச 2.5 பிட்ச் டேப்பை, மரை வெட்டற கருவியை, அதுல ஓட்டியிருக்காங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஓட்டினா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுரும், பிளக் பிடிச்சு நிக்க ரெண்டு சுத்துகூட மிஞ்சாது. அதை டெஃப்லான் டேப்பும் பசையும் வெச்சு மூடி, புது ஆயில் ஊத்தி, "ரெடிங்கண்ணா"ன்னாங்க. பில் 5,500.

மூணாம் நாள் லோடோட போறப்ப ஆயில் ஒழுகி, ஆயில் பிரஷர் முள் விழுந்தது. டிரைவர் அந்த நொடியே அணைச்சதால இன்ஜின் பிழைச்சது. கட்டி இழுக்க 3,200. மறுபடி ஆயில் 12 லிட்டர் 4,500. சம்ப்பை இறக்கி, புது மரைத்துண்டு வெல்டு பண்ணி, பேக்கிங், கூலி 5,200. லேத்காரர் பிட்ச் கேஜை ஓட்டையில வெச்சுக் காட்டினார், 2.5 பல்லு அதுல அப்படியே உட்காருது. சம்ப் அடியில டேப் வெட்டின இரும்புத்தூள் ஊசி ஊசியா கிடந்தது. ஆயில் பில்டருக்கு முன்னாடி பம்ப்புதான் இருக்கு. ஸ்ட்ரெய்னர் சல்லடையில பெரிய சுருள்தான் நிக்கும், பொடி நேரா பம்ப் பல்லுக்குப் போகும்.

போன் பண்ணினேன். முதல் நாள், "ஓனர் கோயிலுக்குப் போயிருக்காருங்க." ரெண்டாம் நாள், "உங்க சம்ப் ஏற்கெனவே போன சம்ப்புங்க." போட்டோ அனுப்பினேன், நீலக் குறி விழுந்தது, பதில் இல்ல. நேர்ல போனா, "பழைய வண்டிக்கெல்லாம் நாங்க கேரண்டி தர்றதில்லீங்க"ன்னு அதே ஃபோர்மேன், அதே வேஸ்ட் துணியில கையைத் துடைச்சிக்கிட்டே சொல்றார். பில்லைப் பார்த்தா "சம்ப் வேலை"ன்னு ரெண்டே வார்த்தை. 18,400 ரூபாய்க்கு ரெண்டு வார்த்தை.

என்ன செய்யணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்ல. மூலை போன பிளக்கை அவசரப்பட்டுக் கழட்ட வேண்டாம், டிப் ஸ்டிக் குழாய் வழியா பம்ப் வெச்சு ஆயிலை உறிஞ்சி எடுத்தும் அந்த சர்வீசை முடிக்கலாம். டேப் எடுத்தா பிட்ச் என்னன்னு முதல்ல கேளுங்க. டேப் ஓட்டினா சம்ப்பை இறக்கிக் கழுவச் சொல்லுங்க. பிளக்கைக் கண்ணால பார்க்காம ஆயில் ஊத்த விடாதீங்க. செம்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. டீ குடிக்கப் போகாதீங்க.