சி.எம்.சி பக்கத்து சந்துல ஒரு பெங்காலி மெஸ்: மீன் கொழம்பு, எறா, அப்புறம் அந்த 97வது நிமிஷம்

கடை பேர் கேக்காதீங்க, போர்டு முழுக்க பெங்காலில தான் எழுதியிருக்கு, எனக்கு படிக்க வராது. மஞ்ச போர்டு, கீழ ஒரு மீன் படம், அந்த மீனுக்கு எவனோ பேனால மீசை வரஞ்சு வச்சிருக்கான், அதான் அடையாளம். காந்தி ரோட்டுலருந்து உள்ள போற சந்துல ரெண்டு மெடிக்கல் தாண்டி ஒரு லாட்ஜ், அதுக்கு கீழயே. வேலூர்க்காரங்களுக்கு அந்த ஏரியா பத்தி சொல்லவே வேணாம், சி.எம்.சிக்கு வைத்தியத்துக்கு வர்ற கொல்கத்தாக்காரங்க, பங்களாதேஷ்காரங்க தான் தெரு பூரா, நம்ம ஆட்டோக்கார அண்ணனுங்களே "ஆஷுன் தாதா"ன்னு (வாங்கண்ணேன்னு அர்த்தம்) கூப்புடுவாங்க.

நான் கொசப்பேட்டை. பொறந்ததுலருந்து இந்த ஊர்ல இருந்துனு 2024 மார்ச் வரைக்கும் அந்த மெஸ்ஸுங்க ஒண்ணுத்துலயும் கால் வச்சதில்ல, காரணம் கடுகு எண்ணெ வாசம். தலைக்கு தேய்க்குற எண்ணெய்ல சமைப்பாங்களான்னு எங்க அம்மா கேக்கும். போன வாரம் ஊர்லருந்து வந்த ஒரு ஃப்ரெண்டு "பெங்காலி சாப்பாடு எங்கடா நல்லாருக்கும்"னு கேட்டான், சரி அவனுக்கு சொன்னத அப்படியே எழுதி வச்சிடலாம்னு தான் இது, ஆனா இந்த கடைய பத்தி பேசுனா எனக்கு ஃபுட்பால் மேட்ச் தான் மொதல்ல வருது, இன்னா பண்றது.

2024 மார்ச் 31, ஞாயித்துக்கெழம. ஈஸ்டர், அதோட ரம்ஜான் நோன்பு மாசம், அதோட எலெக்‌ஷன் பிரச்சார வண்டி வேற மைக்கு கட்டிக்கினு சுத்துது. அன்னிக்கு ஐஎஸ்எல் ஃபுட்பால் லீக்ல கொல்கத்தா டீம் மோகன் பாகானுக்கும் நம்ம சென்னையின் எஃப்சிக்கும் மேட்ச், கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துல ஏழரைக்கு. வீட்ல கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் 11 பர்சன்ட், எங்கடா பாக்குறதுன்னு வண்டிய எடுத்துனு சுத்துனப்போ இந்த மெஸ்ல ஸ்க்ரீன் ஓடுறது தெரிஞ்சுது, உள்ள போய் உக்காந்த அப்புறம் தான் சுத்தி பாத்தேன், கல்லாவுக்கு பின்னாடி காளி படம், பக்கத்துலயே பச்சையும் மெரூனும் கலந்த கொடி. மொத்த கடையும் மோகன் பாகான். நான் ஒருத்தன் தான் ப்ளூ டீ ஷர்ட்.

ஓனர் மேதினிபூர் பக்கம், அவங்க அம்மாவ வைத்தியத்துக்கு கூட்டினு வந்தவரு இங்கயே தங்கிட்டாராம், இப்போ நம்மள விட நல்லா வேலூர் தமிழ் பேசுறாரு. என் சட்டைய பாத்துட்டு "இன்னா தம்பி, தெரிஞ்சு தான் வந்தியா"ன்னாரு. தாதா, பசிக்குதுன்னேன். (அங்க எல்லாரும் எல்லாரையும் தாதான்னு தான் கூப்புடுறாங்க, அண்ணன்னு அர்த்தம், நம்ம காதுக்கு ரவுடி கும்பல் நடுவுல உக்காந்த மாதிரி இருக்கும், பழகிடும்.)

சாப்பாட்டுக்கு வரேன். மீன் சாப்பாடு அப்போ 120 ரூபா. சோறு, மசூர் பருப்பு, ஊசி மாதிரி சீவி பொரிச்ச உருளக்கெழங்கு, ஒரு துண்டு மீன் போட்ட கொழம்பு. சோறும் பருப்பும் கேட்டா போட்டுனே இருப்பாங்க. மீன் வந்து ரூயின்றாங்க, நம்ம மார்க்கெட்ல ரோகு கெண்டைன்னு விக்கிறது தான், ஆந்திரா பக்கம் குட்டையில வளக்குறது. பாலாத்துல தண்ணி வந்தா தான நமக்கு ஆத்து மீனு. புளி கெடையாது, தேங்கா கெடையாது, மீன மஞ்சள் உப்புல பெரட்டி மொதல்ல பொரிச்சுட்டு அப்புறம் கொழம்புல போடுறாங்க, அரச்ச கடுகும் கீறுன பச்ச மொளகாவும் தான் ருசி. மொத வாய்க்கு மூக்குல ஏறும். ரெண்டாவது வாய்க்கு இன்னாடா இதுன்னு தோணும். நாலாவது வாய்ல நான் இன்னொரு கை சோறு கேட்டேன். முள்ளு நெறைய, பேசிக்கினு சாப்புடாதீங்க, மேட்ச் பாத்துக்கினு சத்தியமா சாப்புடாதீங்க.

கத்திரிக்கா வறுவல் (பேகுன் பாஜான்றாங்க) பத்தி ஒரு கொற இருக்கு. பெரிய ஊதா கத்திரிக்காவ வட்ட வட்டமா தடியா வெட்டி எண்ணெய்ல போட்டு எடுக்குறாங்க, நல்லா தான் இருக்கு, ஆனா எண்ணெய் குடிச்சு சொதசொதன்னு இருக்கு. பக்கத்துலயே இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா கெடைக்குது, 2023ல புவிசார் குறியீடு வாங்குன காய், அத்த வச்சுக்கினு எதுக்கு தாதா இந்த தண்ணிக்காய்ன்னு கேட்டேன். அது சின்ன காய், வட்டம் வராது, எங்காளுங்க ஒத்துக்க மாட்டாங்கன்னாரு. சரி விடு.

மேட்ச்சு. சென்னையின் அந்த சீசன் எப்படின்னா, டேபிள்ல நம்ம பேர தேடணும்னா கீழேருந்து எண்ணுனா சீக்கிரம் வந்துடும். 2015லயும் 2018லயும் சாம்பியன் ஆன டீம், நம்பவே முடியாது. எதிர்ல யாரு, பேர்லயே சூப்பர் ஜெயன்ட் போட்டுக்கினு இருக்குறவங்க, முந்தின வருஷம் கப்பு அடிச்சவங்க. கோச்சுங்க கதை வேற இருக்கு, 2020 ஃபைனல்ல ஹபாஸ் கோச்சா இருந்த கொல்கத்தா டீம் ஏடிகே கிட்ட, ஓவன் காயில் கோச்சா இருந்த நம்ம டீம் 3-1ன்னு வாங்கிச்சு, கொரோனாவால காலி ஸ்டேடியத்துல, அந்த ஹபாஸ் தான் இந்த மேட்ச் அப்போ மோகன் பாகானுக்கு கோச், காயில் திரும்பி நமக்கு.

29வது நிமிஷம் ஜோனி காவ்கோ போட்டான், பின்லாந்துக்காரன். கடையே எழுந்துச்சு, பருப்பு வாளிய வச்சுக்கினு இருந்த பையன் அப்படியே ஆடுறான், என் எலைல பாதி பருப்பு, தொடைல பாதி பருப்பு. அத்த தொடச்சு விட ஒருத்தரும் வரல, அதுக்கு அர மார்க் கம்மி.

ஹாஃப் டைம்ல எதுக்க உக்காந்திருந்த பெரியவர் பேச ஆரம்பிச்சாரு. சம்சாரத்த அட்மிட் பண்ணியிருக்காராம், மறுநாள் காலைல ஆபரேஷனாம், ரூம்ல தனியா இருக்க முடியாம வந்திருக்காரு. பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ்ல 1911 கதைய சொன்னாரு, ஐஎஃப்ஏ ஷீல்டு ஃபைனல்ல மோகன் பாகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்ட 2-1ன்னு ஜெயிச்சத, பதினோரு பேர்ல பத்து பேருக்கு கால்ல பூட்ஸே கெடையாதாம், எதுக்க வெள்ளக்கார பட்டாளம். கைய வச்சு டேபிள் மேல காட்டுறாரு, உப்பு டப்பா கோல் போஸ்ட்டு. அவரு சொல்ல சொல்ல எனக்கு உள்ள ஒண்ணு தான் ஓடுது, பெருசு, அன்னிக்கு நீங்க இருந்த எடத்துல இன்னிக்கு நாங்க இருக்கோம், பாத்து. வெளிய சொல்லல, எலைல இன்னும் மீன் பாக்கி இருந்துச்சு.

72ல ஜோர்டன் மர்ரே. நான் டேபிள் கீழ கைய முறுக்கிக்கிட்டேன், சத்தம் போடல. 80ல நம்ம கேப்டன் ரயன் எட்வர்ட்ஸ், டிஃபெண்டர் வந்து கோல் போடுறான், அப்போ என் வாய்லருந்து ஒரு சத்தம் வந்துடுச்சு, இருபது தல ஒரே நேரத்துல திரும்புச்சு. ஓனர் ஃபேன ஆஃப் பண்ணிட்டாரு. வேணும்னே தான். மார்ச் கடைசி வேலூர்ல ஃபேன் இல்லாம ஒரு பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க, தெரியும்.

இன்ஜுரி டைம்ல அவங்களுக்கு பெனால்ட்டி, பெட்ராடோஸ் அடிச்சான், 2-2. ஃபேன் திரும்ப ஓடுச்சு. பருப்பு பையன் என் மூஞ்சி கிட்ட வந்து கும்புடு போட்டுட்டு போனான். நானும் சரி, ஒரு பாயிண்டு, சால்ட் லேக்ல அதுவே பெருசுன்னு கை கழுவ எழுந்தேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். கடையில ஓடுறது லேப்டாப்லருந்து நெட்ல வர்றது, லேட்டா தான் வரும். மேல லாட்ஜ்ல டிவி, அது முன்னாடியே வந்துடும். காவ்கோ கோலுக்கே மேலருந்து தான் மொதல்ல கத்துனாங்க. நான் வாஷ்பேசின் கிட்ட நிக்கிறேன், சோப்பு கையோட, ஸ்க்ரீன்ல பந்து இன்னும் நடு கிரவுண்டுல தான் இருக்கு, மேலருந்து "ஏ பாபா!"ன்னு ஒரே சத்தம். கோல்னு கத்துறது இல்ல, கைல இருந்த தட்டு கீழ விழுந்தா வருமே அந்த சத்தம். கடையில ஒருத்தரும் அசையல. எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு. அப்புறமா எங்க ஸ்க்ரீன்ல இர்ஃபான் யாட்வாட் 97வது நிமிஷத்துல போட்டத தெரிஞ்சே பாத்தோம், அவங்க துக்கத்த பாக்குற மாதிரி, நான் சோப்பு கையால வாய பொத்திக்கினு. 3-2. வாய் பூரா சோப்பு.

இப்போ எறா. மோகன் பாகான் ஜெயிச்சா கொல்கத்தால எறா சாப்புடுவாங்க, அவங்க பரம எதிரி ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா இலிஷ் (ஹில்சா) மீன், இது அங்க பழைய வழக்கம். நம்ம ஓனர் காலைலயே மார்க்கெட் போய் மூணு கிலோ எறா வாங்கி, தேங்காப்பால் ஊத்தி மலாய் கறி பண்ணி வச்சுட்டாரு, ஜெயிச்சதும் எல்லாருக்கும் ஃப்ரீயா போடலாம்னு. தோத்ததும் கடையில பாதி பேரு எழுந்து போய்ட்டாங்க. அண்டா அப்படியே இருக்கு. கொஞ்ச நேரம் அதையே பாத்துனு இருந்தாரு, அப்புறம் ஒரு கிண்ணத்துல அள்ளி என் முன்னாடி வச்சாரு. "ஜெயிச்சவன் தான தம்பி சாப்புடணும்."

அந்த எறா பத்தி தனியா ஒரு பக்கம் எழுதலாம். தலையோட போட்டிருக்காங்க, தேங்காப்பால்ல லேசா இனிப்பு, ஏலக்கா பட்ட வாசம், காரமே இல்ல, ஆனா அந்த தலைய கடிச்சு உறிஞ்சுனா ஒரு செவப்பு எண்ணெ வருது பாருங்க. எங்க வீட்ல எறா தொக்கு சாப்ட்டு வளந்தவன் நான், காரம் இல்லாம எறா நல்லாருக்கும்னு எவனாவது சொன்னா அடிச்சிருப்பேன். பெரியவருக்கும் ஒரு கிண்ணம் வச்சாரு, தோத்த அன்னிக்கு அது வேணாம்னாரு, அப்புறம் நான் ரெண்டு எறா எடுத்து அவரு எலைல வச்சேன், சாப்ட்டாரு.

பில்லு வந்துச்சு. மீன் சாப்பாடு 120, எறா 180. தாதா ஃப்ரீன்னீங்களேன்னேன். "நாங்க ஜெயிச்சா ஃப்ரீ"ன்னாரு.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், நம்ம ஆளுங்க ஆறாவது எடத்துல ஏறி ப்ளே ஆஃப் போய் கோவா கிட்ட 2-1ன்னு அடி வாங்கிட்டாங்க, மோகன் பாகான் ஏப்ரல் 15 மும்பைய ஜெயிச்சு லீக் ஷீல்டு (டேபிள்ல மொத எடத்துக்கு தர்றது) எடுத்துட்டாங்க. ஷீல்டு எடுத்த மறுநாள் நான் போனப்போ கடையில எறா ஃப்ரீயா போட்டுனு இருந்தாரு, எனக்கு மட்டும் 180.

போறவங்களுக்கு: மத்தியானம் ஒண்ணரைக்கு மேல போனா மீன் தல போட்ட பருப்பு இருக்காது. ஞாயித்துக்கெழம மட்டன் உண்டு, உருளக்கெழங்கு பெருசா போட்டு, சுமார் தான். ஜிபே வாங்குவாங்க, ஆனா கியூஆர் ஒட்டுன எடத்துல எண்ணெய் பட்டு ஸ்கேன் ஆகாது, சில்லற வச்சுக்கோங்க. வாஷ்பேசின் கொழாய் லூசு, மெதுவா தொறங்க. அஞ்சுக்கு நாலு. ப்ளூ டீ ஷர்ட் போட்டுனு போனா ஃபேன் கீழ எடம் தர மாட்டாரு.